மச்சாளுக்கு வாங்கிய மலிவுப் போன்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். நான்கு நான் பெற்றவை; ஐந்தாவது என் தம்பியின் மகன் சுதன். பத்தொன்பது வயதில் பாரிசுக்கு வந்திறங்கி, என் வீட்டுச் சோபாவில் படுத்து, என் சோற்றைத் தின்று ஆளானவன். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், இந்த வயது வரை என் அலுவலுக்காக இன்னொருவர் வாசலில் போய் நின்றதில்லை. இதை எழுதுவதற்கு மட்டும் பாரிசில் இருக்கும் பேத்தி ஆரணியைப் பிடித்திருக்கிறேன். நான் கதைத்துக் கதைத்துப் போனில் அனுப்ப, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில் அவள் எழுதுகிறாள். பிழை ஏதும் கண்டால் அது அவளுடையது.

நான் இப்போது யாழ்ப்பாணத்துப் புத்தூரில், தம்பியின் பெண்சாதி, என் மச்சாள் பாக்கியத்தின் வீட்டில் இருக்கிறேன். நான் பிறந்த ஊர்தான். ஆனாலும் வந்த நாள் தொட்டு ஒன்றுக்கும் தலையும் காலும் விளங்கவில்லை. மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் ஒழுங்கை முகப்புக்கு வருமுன்னே மீனின் படம் வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு ரஜனி வேலிக்கு மேலால் தன் போனை நீட்டி, "அன்ரி, விளைமீன் எடுக்கவோ, ஒட்டி எடுக்கவோ?" என்று பாக்கியத்தைக் கேட்கிறாள். பாரிசில் மீன் கடைக்குப் போனால் செவுளைத் தூக்கிப் பார்த்து, "மதாம், தொடக் கூடாது" என்று ஏச்சு வாங்கிக்கொண்டு வருகிறவள் நான். படத்தில் செவுளை எப்படித் தூக்குவது? வெளிநாட்டில் இருந்து வருகிறேன், எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று வந்தவள் வேலியடியிலேயே பின்தங்கிப் போனேன்.

தம்பி கண்மூடி ஒரு வருடமானதற்குச் செய்கிற ஆட்டைத் திவசத்துக்குத்தான் வந்தேன். திவசம் முடிந்தால் சுதனுக்குக் கலியாணம் செய்யலாம் என்று பாரிசில் நாள் வைத்திருந்தார்கள். பாக்கியத்துக்கு விசா கிடைக்கவில்லை. எனக்குத் திரும்பிப் போகப் பயணச்சீட்டு இருந்தது. போயிருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்று முன்வரிசையில் இருந்திருப்பேன். ஆனால் பெற்றவளைத் தனிய விட்டுவிட்டு, வளர்த்தவள் போய்க் கலியாணம் பார்ப்பதா? நின்றுவிட்டேன். நான் பாரிசில் வெளிக்கிடும்போதே சுதன் என்னிடம் ஒன்றுதான் கேட்டிருந்தான். "மாமி, தாலி கட்ட முதல் நான் அம்மாவின்ரை முகத்தைப் பாக்கோணும். அப்பா போனதிலை இருந்து பாக்கேல்லை." பாக்கியத்திடம் இருந்தது பட்டன் போன். ரஜனியின் போனில் அவன் வீடியோவில் வந்தாலும், பாக்கியம் அதைப் பட்டன் போனைப்போலக் காதில் வைத்துக்கொள்வாளாம். ஒரு வருடமாக அவன் கண்டதெல்லாம் தாயின் காதும், தோடில்லாத அந்தத் துளையும்தான். அவளுக்கென்று ஒரு போனோ, சிலேட்டுப்போலப் பெரிதான ரப்லெற்றோ வைத்து, முகம் தெரியப் பிடிக்கப் பழக்கிவிடுவது என் பொறுப்பு.

இந்த இடத்தில், என்னைப்போல வெளிநாட்டில் இருந்து பெட்டி நிறையச் சாமான் கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாரிசில் மலிவு விற்பனையில் ஒரு ரப்லெற் வாங்கி, சேலைகளுக்கு நடுவில் வைத்து, குழந்தையைப்போலக் கொண்டு வந்தேன். பெரிய கண்ணாடி, பெரிய எழுத்து, வயதானவர்களுக்கு நல்லது என்று கடையில் சொன்னார்கள். புத்தூரில் அதைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. ரஜனி அதைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இதுக்குச் சிம் போட இடமில்லை. வீட்டிலை வைபை இருந்தால்தான் வேலை செய்யும்" என்றாள். பாரிசில் எங்கள் வீட்டில், ரி.வி.க்குப் பக்கத்தில் பொக்ஸ் என்று ஒரு பெட்டி வெளிச்சம் காட்டிக்கொண்டு இருக்கும். நான் அதன் தூசியைத் துடைத்திருக்கிறேனே தவிர, அது எதற்கென்று கேட்டதில்லை. இன்டர்நெட் என்பது காற்றைப்போல எல்லா வீட்டிலும் இருக்கும் என்றே நினைத்திருந்தேன். பாவம் ரஜனி, தன் போனில் இருந்து ரப்லெற்றுக்கு இன்டர்நெட் தந்தாள். எல்லாம் நன்றாக வந்தது. காலையில் அவள் வேலைக்குப் போனாள். இன்டர்நெட்டும் அவளுடைய ஸ்கூட்டியில் ஏறி அவளோடு போய்விட்டது. ஆகவே ரப்லெற் வாங்குகிறவர்கள் முதலில் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், சிம் போடும் வாய் இருக்கிறதா என்று. விலையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

அடுத்த நாள் பஸ் மாறி, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போனேன். பாக்கியம் வர மறுத்துவிட்டாள். சந்தைக்குக் கிட்ட, பல்கலைக்கழகப் பிள்ளைகள் நிறையப் போய்வருகிற ஒரு போன் கடை. முதலாளி ஒரு இளம் பெண். "மலிவா ஒரு போர்த்தாபிள் தா பிள்ளை" என்றேன். பாரிசில் போனுக்கு அப்படித்தான் சொல்வோம். அவள் உள்ளே போய், பாட்டுப் போடுகிற ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "இதைத் தோளிலை கொழுவிக்கொண்டும் போகலாம் அம்மா" என்று சொன்னாள். எனக்கு எதற்குத் தோளில் பாட்டு? அவளுக்கு என் தமிழ் விளங்கவில்லை, எனக்கு அவளுடைய தமிழ் விளங்கவில்லை. ராம், ஜிகாபைட், மெகாபிக்சல் என்று அவள் அடுக்கினாள். எனக்குத் தெரிந்த ராமர் வேறு.

கடைசியில் நான் கதிரையில் சாய்ந்திருந்து, "பிள்ளை, எனக்கு நம்பர் வேண்டாம். நான் கேக்கிறதுக்கு ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்லு" என்றேன். அதற்குப் பிறகு வேலை நடந்தது. கரண்டு போனாலும் ஒரு பகல் முழுக்கப் பற்றரி நிற்குமோ? சாச்சர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதோ, பிறகு தனியாக வாங்க வேண்டுமோ? வொறன்ரி கொம்பனி தருகிறதோ, கடை தருகிறதோ? கடை தருவதென்றால் கடை இருக்கும் வரைதானே. குசினியில் கறி தாளிக்கும்போது மணி அடித்தால் கேட்குமோ? எந்தச் சிம்முக்குப் புத்தூரில் சிக்னல் பிடிக்கும் என்று கேட்டதற்கு அவள் சிரித்துவிட்டு, "அதை உங்கடை பக்கத்து வீட்டைக் கேக்கோணும் அம்மா, எனக்குத் திருநெல்வேலிச் சிக்னல்தான் தெரியும்" என்றாள். நேர்மையான பிள்ளை என்று அதில்தான் நம்பினேன். விலை கூடியது ஒன்றைக் காட்டி, இது நல்ல படம் எடுக்கும் என்றாள். மச்சாள் ஒரே ஒரு முகத்தைத்தான் பார்க்கப்போகிறாள் என்று அதைத் தள்ளிவிட்டேன். மலிவுப் போனை எனக்கு முன்னாலேயே பெட்டி உடைத்து, சிம் போட்டு, பாரிசில் ஆரணிக்கு எடுக்கச் சொன்னேன். ஆரணியின் முகம் வந்தது. என் முகம் அவளுக்குப் போனது. கடையில் வைத்தே ஒரு தடவை முகம் பார்த்துவிட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அன்று பின்னேரம் பாக்கியம் போனைச் சாமியறைக்குக் கொண்டுபோனாள். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்கினாலும் தண்ணி இறைக்கிற மோட்டார் வாங்கினாலும் சந்தனம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவது. நானும் கும்பிட்டேன். பிறகு சுதனை எடுத்தோம். அவன் முகம் பளிச்சென்று வந்தது. புதிதாகத் தலைமயிர் வெட்டியிருந்தான். பாக்கியம் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவன், "மாமி, இஞ்சாலை ஒண்டும் தெரியேல்லை. மண்ணிறமா இருட்டா இருக்கு" என்றான். விளக்கைப் போட்டோம், முற்றத்துக்குப் போனோம், வெயிலில் பிடித்தோம். அவனுக்கு மண்ணிறம்தான்.

"மலிவுச் சாமான்தானே மச்சாள்" என்றாள் பாக்கியம். "பாவம், நீங்களும் என்ன செய்வியள்."

அந்தச் சொல் எனக்குள் மிளகாய்த்தூளைப்போல ஏறியது. அடுத்த நாள் காலை முதல் பஸ்சிலேயே திருநெல்வேலிக்குப் போனேன். கடை திறக்குமுன் படியில் நின்றேன். அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பேசக்கூடாததெல்லாம் பேசினேன். அவள் போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு நகத்தால் எதையோ மெல்லச் சுரண்டி, விரல் நுனியை மூக்கில் வைத்து மணந்தாள்.

"அம்மா, சாமிக்குக் கும்பிட்டனியளோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"முன்பக்கக் கமராவிலை சந்தனம் வைச்சிருக்கிறியள். புதுப்போன் வாங்கினவை கனபேர் இப்பிடித்தான் கொண்டு வந்து என்னைப் பேசுறவை. நீங்கள் கொஞ்சம் கூடப் பேசிப்போட்டியள்."

கண்ணாடியின் மேல் ஓரத்தில், எள்ளுப்போல ஒரு துளை. அதுதான் கண்ணாம். எனக்கு அது இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். பாரிசில் இத்தனை காலம் எதைப் பார்த்துச் சிரித்தேனோ தெரியாது. ஆகவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன்: போனுக்கு முன்னால் ஒரு கண், பின்னால் இரண்டு மூன்று கண். பொட்டு வைப்பதென்றால் பின்பக்கத்தின் நடுவில் வையுங்கள். கும்பிட்டதும் ஈரமில்லாத மெல்லிய துணியால் துடையுங்கள். அந்தப் பிள்ளைக்கு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து, பாக்கியத்துக்கும் இதையே சொன்னேன். துளையைக் காட்டினேன். "ஓம், ஓம்" என்று தலையாட்டினாள்.

பின்னேரம் சுதனை எடுத்தால் மறுபடியும் மண்ணிறம். துடைத்துவிட்டு எடுத்தேன், என் முகம் தெரிகிறது என்றான். பாக்கியத்தைக் கூப்பிட்டேன்; ஆடு கத்துகிறது என்று கிணற்றடிக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் சந்தனம். எனக்குப் பயம் பிடித்தது. தம்பி போன பிறகு இவளுக்குச் சொன்னது தங்குவதில்லையோ? கண் பார்வை போய்விட்டதோ? சோதிக்க வேண்டுமென்று அரிசியைக் கையில் கொடுத்தேன். கல்லை என்னைவிட வேகமாகப் பொறுக்கினாள். மருந்துக்குளிசையின் நிறம் கேட்டேன். ஏன் இந்த மனுசி இப்படிக் கேட்கிறது என்று என்னையே ஒரு மாதிரிப் பார்த்தாள். போனையும் சந்தேகப்பட்டேன். அவளையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் என் புத்தியையே சந்தேகப்பட்டேன்.

கலியாணத்தன்று காலை பாக்கியம் சாமியறையில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. போன் பிள்ளையார் படத்துக்கு முன்னால் சாய்ந்து நின்றது. அவள் மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கிட்டக் குனிந்து, பிள்ளைக்கு மை வைப்பதுபோல அவ்வளவு பக்குவமாக அந்தத் துளையிலேயே வைத்தாள். தவறிப் படவில்லை. தேடி வைத்தாள்.

"பாக்கியம், என்ன செய்யிறாய்?"

"கும்பிடுறன்."

"போனிலை என்ன செய்யிறாய் எண்டு கேட்டனான். உன்னாலை நான் கடைக்காரப் பிள்ளைக்கு முன்னாலை விசரியாப் போனன்."

"உங்களை ஆர் மச்சாள் விடியக்காலமை பஸ்சிலை ஏறி ஓடச் சொன்னது? நான் சொன்னனானோ?"

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "எனக்கு அவனைப் பாத்தால் காணும். அவன் என்னைப் பாக்க வேண்டாம். மணவறையிலை இருக்கிற பிள்ளைக்குத் தாலியில்லாத முகமோ முன்னுக்கு வாறது? அவன் இஞ்சை ஊரிலை கலியாணம் முடிச்சாலும் நான் அறைக்குள்ளைதான் நிண்டிருப்பன். கதவு நீக்கலுக்குள்ளாலை பாத்திருப்பன். இது எனக்கு அந்தக் கதவு."

"அப்ப ரஜனியின்ரை போனைக் காதிலை வைச்சது?"

"தெரியாமல் வைச்சனான் எண்டோ நினைச்சியள்?"

"அதுக்கு ஏன் சந்தனம்? கமராவை நிப்பாட்ட ஒரு பட்டன் இருக்குதே."

"நிப்பாட்டினால் அம்மா ஒளிக்கிறா எண்டு அவனுக்கு விளங்கும். போன் பிழையெண்டால் ஒருத்தற்றை மனமும் நோகாது." பிறகு, "உங்களுக்கு மட்டும் கொஞ்சம் நொந்திருக்கும்" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

இது மூடத்தனம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பாரிசில் என்றால் சொல்லியிருப்பேன். என் மனுசன் போன பிறகு அங்கே நானும் ஒரு வருடம் வெறும் நெற்றியோடுதான் இருந்தேன். ஒரு நாள், அப்போது சின்னவளாக இருந்த ஆரணி, "அம்மம்மாவின்ரை முகத்தைக் காணேல்லை" என்று தன்னுடைய ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து என் நெற்றியில் ஒட்டிவிட்டாள். நான் அதைக் கழற்றவில்லை. அதற்குப் பிறகு அங்கே கலியாண வீடுகளுக்குப் பொட்டோடும் கரைவைத்த சேலையோடும் போய் முன்வரிசையில் இருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் ஆராத்தி எடுக்கக் கூப்பிட்டால் மட்டும் கால் வலி என்று சொல்லிவிடுவேன். கால் வலிப்பதில்லை. இந்தத் தடவை விமானம் கொழும்பில் இறங்குவதற்குச் சற்று முன், கழிவறைக்குள் போய்ப் பொட்டைக் கழற்றிக் கைப்பைக்குள் இருக்கிற கண்ணாடியில் ஒட்டி வைத்தேன். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போனது. அப்படி வந்தவள், வெறும் நெற்றியோடு நிலத்தில் இருந்துகொண்டு பாக்கியத்துக்கு எந்த நாட்டு ஞாயத்தைச் சொல்வது? எழும்பிப் போய்ச் சோறு வடித்தேன்.

பாரிசில் காலை, இங்கே மத்தியானம் திரும்பிய நேரம். முன்னறையில் கட்டிலுக்கு எதிரே ஒரு முக்காலியில் போனைச் சாத்தி வைத்தோம். சந்தனம் இருந்தபடியே இருந்தது. பாக்கியம் வெள்ளைச் சேலை உடுத்து, கட்டிலில் இருக்காமல் கதவு நிலையோடு ஒதுங்கி நின்றாள். போன் அடித்தது. சுதன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக வந்தான். பின்னால் மேளச் சத்தம்.

"மாமி, போன் இன்னும் சரிவரேல்லையோ? அம்மா எங்கை?"

அவன் குரல் என் வீட்டுச் சோபாவில் முதல் நாள் படுத்தபோது இருந்த குரல்போல இருந்தது. இருட்டைப் பார்த்து இவன் எப்படித் தாலி கட்டப்போகிறான் என்று நினைத்தேன். பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டி, வேண்டாம் என்றாள். நான் சேலைத் தலைப்பால் அந்தத் துளையைத் துடைத்துவிட்டு, என் முகத்தைக் கொண்டுபோய் அதற்கு நேரே வைத்தேன்.

"இஞ்சை மாமி இருக்கிறன் ராசா."

அவன் முகம் மலர்ந்தது. கைகூப்பினான். கதவடியில் இருந்து பாக்கியத்தின் குரல் தாழ்வாக வந்தது.

"மச்சாள், உங்கடையும் வெறும் நெத்திதானே?"

"ஓம்."

"அப்ப உங்கடை முகம் மட்டும் போகலாமோ?"

"நான் வளர்த்தனான்" என்றேன். அவளை இழுப்பதற்காக அப்படிச் சொன்னேனா, என் மனதில் கிடந்தது வாயால் வந்ததா என்று இந்த நிமிடம் வரைக்கும் எனக்குத் தெரியாது.

"நான் பெத்தனான். தள்ளுங்கோ அங்காலை."

தோளால் இடித்துக்கொண்டு வந்து கட்டிலில் இருந்தாள். இருந்த பிறகுதான் தான் இருப்பது அவளுக்குத் தெரிந்ததுபோல ஒரு கணம் முகத்தை மூடினாள். பிறகு கையை எடுத்தாள். சுதன் போனைக் கிட்டப் பிடித்தான். மேளகாரர் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள்.

"அம்மா, மெலிஞ்சு போனியள்."

"என்னைப் பாத்தது காணும். வேட்டியை இறுக்கிக் கட்டு, வழுகப்போகுது" என்றாள் பாக்கியம்.

அவன் மணவறைக்குப் போக, ஆரணி போனை வாங்கிக்கொண்டாள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாய்க்கென்று ஒரு கதிரை வெறுமையாக விட்டிருந்தார்களாம். அவள் அந்தக் கதிரையில் ஒரு சின்ன மெத்தையை வைத்து, அதன்மேல் போனை நிமிர்த்தி வைத்துவிட்டாள். அங்கிருந்து மணவறை நேராகத் தெரிந்தது. ஒரு பருத்த மனுசி தெரியாமல் வந்து இருக்கப் பார்த்தாள். எங்கள் போன் கண்ணாடி முழுவதும் ஊதாப் பட்டுச் சேலையாகிவிட்டது. பாக்கியம் இங்கே கட்டிலில் இருந்தபடி, "இதிலை ஆள் இருக்கு" என்று கத்தினாள். அந்த மனுசி பதறி எழும்பி, போனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வருகிற சொந்தக்காரர் எல்லாம் கதிரைக்கு முன்னால் குனிந்து குனிந்து எங்களை விசாரித்தார்கள். கண்ணாடியின் மூலையில் எங்களை எங்களுக்கே காட்டுகிற ஒரு சின்னச் சதுரம் இருந்தது. இரண்டு பேரும் அதற்குள் அடங்கவில்லை. பாக்கியத்தின் முகத்தில் முக்கால்வாசி, என்னுடையதில் பாதி. நான் அங்கால் நகர்ந்தால் இங்கால் வெட்டுப்பட்டது, இங்கால் நகர்ந்தால் அங்கால். தாலி கட்டும்போது அங்கே எல்லோரும் எழும்பி நின்றார்கள். நாங்கள் கட்டிலை விட்டு எழும்பினோம். சதுரத்தில் இரண்டு சேலை மடிப்புகள்தான் மிஞ்சின. பாரிசில் ஒரு கதிரையில் நான் இருந்தேன், புத்தூரில் ஒரு கட்டிலின் முன் நின்றேன், எந்த இடத்தில் அழுதேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆரணி, இவ்வளவும்தான். இனி நீ எழுதினதை முதலில் இருந்து வாசி, கேட்போம். மெல்ல வாசி, பாக்கியமும் பக்கத்தில் வந்து இருக்கிறாள்.